மருந்து போட்ட பிறகும் முடி கொட்டினால் மூன்று மாதம் பின்னால் எண்ணுங்கள்

மே மாதக் கடைசி. மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. விசைப்படகுக்குப் போகிற தம்பி ஒருவர் என் கடைக்கு வந்து, மேஜை மேல் ஒரு பாலித்தீன் பையை வைத்தார். உள்ளே உருட்டி வைத்த முடி.

"அண்ணே, ஒன்னு ரெண்டு கொட்டுதுன்னுதான் டாக்டரப் பாத்து மருந்து வாங்கினேன். இப்ப கொத்துக் கொத்தா வருது. இது முடி வளர்ற மருந்தா, மொட்டை போடுற மருந்தா?"

பாம்பனில் மருந்துக்கடை வைத்திருக்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. முடி வளரத் தலையில் தடவுகிற மினாக்சிடில் மருந்தை வாங்கிப் போகிறவர்களில் சிலர் மூன்றாவது, நான்காவது வாரத்தில் இப்படித்தான் திரும்பி வருவார்கள். கோபமாக வருகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, பேசிப் புரியவைத்துவிடலாம். வராமலேயே பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடுகிறவர்கள்தான் பாவம். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். வைத்தியம் சொல்லப் போவதில்லை. வைத்தியம் நடக்கும்போது தலையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் அந்தத் தம்பிக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் தலையில் சுமாராக ஒரு லட்சம் முடி இருக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு வருடம் வரை, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் மயிர்க்கால் சுருங்கி வேலையை நிறுத்தும். அதற்குப் பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வு. இந்த ஓய்வுக் காலத்தில் முடி தலையில்தான் இருக்கும், ஆனால் வளராது. ஓய்வு முடிந்ததும் அது விழும். அதே இடத்தில் புது முடி கிளம்பும்.

பத்தில் ஒரு பங்கு முடி எப்போதும் இந்த ஓய்வில் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு லட்சத்தில் பத்தாயிரம். இந்தப் பத்தாயிரமும் ஏறக்குறைய நூறு நாளில் விழுந்தாக வேண்டும். நாளுக்கு எத்தனை? நூறு. 'தினமும் 50 முதல் 100 முடி வரை கொட்டுவது இயல்பு' என்று டாக்டர்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு இவ்வளவுதான். இந்தக் கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. இன்றைக்கு விழுகிற முடி, இன்றைக்குக் கெட்டுப்போன முடி இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பே வேலையை நிறுத்திவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தம்பி கொண்டுவந்த உருண்டையிலிருந்து ஒரு முடியை உருவி வெளிச்சத்தில் காட்டினேன். ஒரு முனையில் வெள்ளையாக, குண்டூசித் தலை மாதிரி ஒரு சின்ன உருண்டை. "பாருங்கண்ணே, வேரோட வந்திருச்சு" என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். 'வேரோடு கொட்டுகிறது' என்று சொல்லும்போதே வயிறு கலங்குகிறது, ஏனென்றால் வேரோடு பிடுங்கிய செடி திரும்ப முளைக்காது. ஆனால் அந்த வெள்ளை உருண்டை வேர் இல்லை. ஓய்வுக்குப் போன முடியின் அடிப்பகுதி தடித்துக் கெட்டியானது, அவ்வளவுதான். வேர் என்று சொல்லத்தக்க மயிர்க்கால் தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. பால் பல் விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து புதுப் பல் முட்டுவதால்தான் பழையது ஆடி விழுகிறது. அதற்காக யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை.

சரி, மருந்து போட்டதும் ஏன் அதிகமாகக் கொட்ட வேண்டும்?

மினாக்சிடில் முடிக்காக வந்த மருந்தே இல்லை. ரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக 1979-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கன்னத்திலும் கையிலும் எல்லாம் முடி முளைக்க, பக்க விளைவையே மருந்தாக்கி, 1988-இல் தலையில் தடவும் திரவமாக அனுமதி வாங்கினார்கள். பரம்பரையாக வருகிற வழுக்கையில் மயிர்க்கால் சுற்றுக்குச் சுற்று சிறுத்துப்போகும். வளரும் காலம் குறையும். மினாக்சிடில் ஓய்வில் இருக்கிற மயிர்க்காலின் ஓய்வைச் சீக்கிரம் முடித்து வளர்ச்சிக்குத் தள்ளுகிறது. இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துத் தனித்தனியாக விழ வேண்டிய பழைய முடி எல்லாம், புது முடி கிளம்புவதால் மொத்தமாக இடத்தைக் காலி செய்கிறது.

தம்பிக்கு இதைச் சொல்ல எனக்கு ரொம்பத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். தடை முடிந்த அன்றைக்கு ராமேசுவரம் துறைமுகத்தில் போய் நின்று பாருங்கள், நேற்றுவரை படகாக அடைத்துக் கிடந்த இடம் வெறிச்சென்று இருக்கும். ஊர் தெரியாத ஒருவர் பார்த்தால் படகெல்லாம் மூழ்கிவிட்டது போலிருக்கிறது என்பார். ஆனால் அவ்வளவும் ஒரே நாளில் தொழிலுக்குப் போயிருக்கிறது. உங்கள் தலையிலும் தடைக்காலம் திடீரென்று முடிந்திருக்கிறது. "மீன் எப்ப வரும்ணே?" என்று கேட்டார். கெட்டிக்காரர்.

பொதுவாக இந்தக் கொட்டல் மருந்து தொடங்கிய இரண்டாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் ஆரம்பிக்கும், சில வாரத்தில் அடங்கும். மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்று பார்த்தோம் அல்லவா? கண்ணாடியில் ஏதோ தெரிகிறது என்று சொல்ல நான்கு மாதமாவது ஆகும். பலன் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வேண்டும். எல்லாருக்கும் கொட்டும் என்றும் இல்லை. 'கொட்டினால்தான் மருந்து வேலை செய்கிறது' என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை நம்பி, கொட்டாதவர்கள் கவலைப்படுகிறார்கள். அது வீண் கவலை.

இந்த நேரத்தில் செய்யக்கூடாதது இரண்டு. ஒன்று, பாதியில் நிறுத்துவது. பழைய முடி போய்விட்டது, மருந்தின் தயவில் கிளம்பிய புது முடி வெளியே எட்டிப் பார்க்கவில்லை, அதற்குள் தயவையும் எடுத்துவிட்டால் கொட்டியதுதான் மிச்சம். மற்றொன்று, பயத்தில் இரண்டு பங்கு ஊற்றுவது. டாக்டர் ஒரு வேளைக்கு ஒரு மில்லி என்றால் ஒரு மில்லிதான். அதிகம் ஊற்றினால் அதிகம் வளராது. ரத்தத்தில்தான் அதிகம் சேரும். இது பிரஷர் மருந்து என்பதை மறக்க வேண்டாம். நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் என்று எது வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தொடவே கூடாது. தலை காய்ந்திருக்கும்போது தடவி, நான்கு மணி நேரமாவது நனையாமல் விட வேண்டும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய தொல்லைதான். கரையேறிக் குளித்து, தலை துவட்டிக் காய்ந்த பிறகு போடுங்கள்.

அந்தத் தம்பி நிறுத்தவில்லை. ஆடி, ஆவணியில் கொட்டல் அடங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு மாதாமாதம் பாட்டில் வாங்கிப் போனார். எனக்கும் திருப்தி.

பிப்ரவரியில் மறுபடியும் பையோடு வந்து நின்றார்.

உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த இரண்டாவது பைக்காகத்தான். முதல் கொட்டலைப் பற்றி இப்போது ஓரளவு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பல மாதம் நன்றாகப் போய்க்கொண்டிருந்து, திடீரென்று மறுபடியும் கொட்டும்போது என்ன நினைப்பது என்றுதான் தெரிவதில்லை. 'உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு, இனி கேட்காது' என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒன்பதாவது மாதத்தில் கொட்டுவதை 'மருந்து தொடங்கினால் அப்படித்தான்' என்று தட்டிக் கழிக்கவும் முடியாது. அந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. வேறு காரணம் இருக்கிறது, அதைத் தேட வேண்டும். எங்கே தேடுவது? நேற்றிலோ போன வாரத்திலோ இல்லை. சுவரில் தொங்குகிற காலண்டரைப் புரட்டி, மூன்று மாதம் பின்னால் போங்கள்.

"கார்த்திகை பக்கம் உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பக்கத்தில் நின்ற அவர் அம்மாதான் சொன்னார்: "ஏன் ஒன்னும் இல்ல? மழைக்குள்ள டெங்குக் காய்ச்சல் வந்து எட்டு நாளு ராம்நாடு பெரியாஸ்பத்திரில கெடந்தியே!"

அதுதான். கடுமையான காய்ச்சல் வந்தால் உடம்பு உயிரைப் பார்க்குமா, முடியைப் பார்க்குமா? வளர்ந்துகொண்டிருக்கிற மயிர்க்கால்களில் ஒரு பெரிய பங்கு வேலையைப் போட்டுவிட்டு ஓய்வுக்குப் போகும். அன்றைக்கே கொட்டாது, ஓய்வு இரண்டு மூன்று மாதம் அல்லவா? காய்ச்சலே மறந்துபோன பிறகு கொட்டும். நாளுக்கு நூறு என்பது இருநூறு, முந்நூறு ஆகும். டெங்கு, டைபாய்டு, கொரோனா, பெரிய ஆபரேஷன், ரத்தம் அதிகம் போன விபத்து, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். புதுக் காரணம் எதுவும் சேராவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். மினாக்சிடில் போடுகிறவர் என்பதால் இதிலிருந்து விலக்கு கிடையாது.

தம்பியின் விஷயத்தில் இன்னொரு கணக்கும் சேர்ந்திருந்தது. காய்ச்சலில் கிடந்த நாளும், அதற்குப் பிறகு எழுந்து நடமாடத் தெம்பு வந்த நாளும் சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் மருந்தே போடவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் விட்டால், மருந்து பிடித்து நிறுத்தியிருந்த முடி கையை விட்டுப் போகும். அதுவும் உடனே இல்லை, சில மாதம் தள்ளி. திரும்பத் தொடங்கும்போது முதல் மாதக் கொட்டல் இன்னொரு முறை வரவும் கூடும். ஆக, இரண்டு பழைய பாக்கியும் ஒரே மாதத்தில் வந்து கதவைத் தட்டியிருக்கிறது.

நம் பாட்டிமாருக்கு இந்த மூன்று மாதக் கணக்கு தெரிந்தேதான் இருந்தது. பிள்ளை தாயின் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள். பிள்ளையின் கண் பட்டுவிட்டது என்று அதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள். காரணம் தவறு, காலம் சரி. கர்ப்பத்தில் ஹார்மோன் கூடியிருப்பதால் விழ வேண்டிய முடி விழாமல் நிற்கும். பிரசவம் ஆனதும் ஹார்மோன் இறங்க, நின்றதெல்லாம் சேர்ந்து ஓய்வுக்குப் போய், மூன்றாவது மாத வாக்கில் கொட்டத் தொடங்கும். பிள்ளை முகம் பார்த்துச் சிரிப்பதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடாவுக்குப் போனவர்கள் லீவில் வந்தால் 'அந்த ஊர்த் தண்ணி முடியைக் கொட்ட வச்சிருச்சு காக்கா' என்பார்கள் (காக்கா என்றால் அங்கே அண்ணன்). கடல் தண்ணீரைச் சுத்திகரித்த தண்ணீர் என்பதால் அதன் மேல் ஒரு சந்தேகம். நான் தண்ணீரைக் கேட்பதற்கு முன்னால், போன முதல் மூன்று மாதம் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எடை எவ்வளவு இறங்கியது என்று கேட்பேன். எட்டுப் பேர் இருக்கிற அறையில் குப்பூஸ் ரொட்டியும் தேநீருமாக ஓட்டியவருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். எடை குறைக்கிறேன் என்று திடீரென்று பட்டினி கிடக்கிறவர்களுக்கும் இதே நிலைதான்.

தண்ணீரை நான் முழுதாக விடுவிக்கவும் இல்லை. நம் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குளித்து வந்தால் தலை நார் மாதிரி இருக்கும். ஆனால் உப்புத் தண்ணீரும் வெயிலும் கெடுப்பது வெளியே இருக்கிற முடியை. தோலுக்குள் இருக்கிற மயிர்க்காலை இல்லை. அதில் முடி உடையும், கொட்டாது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. விழுந்த முடி முழு நீளத்தில், முனையில் அந்த வெள்ளை உருண்டையோடு இருந்தால் கொட்டியது. குட்டை குட்டையாக, உருண்டை இல்லாமல் இருந்தால் உடைந்தது. கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிற அக்கா ஒருவர் மருந்து போட்டும் கொட்டுகிறது என்று வந்தார். சீப்பில் இருந்ததில் பாதி உடைந்த முடி. அதற்கு மருந்தை மாற்றி என்ன பயன்? நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, கொஞ்சம் எண்ணெய் தடவி, துணியை இறுக்கிக் கட்டாமல் இருந்தால் போதும். மீதிப் பாதிக்கு முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்தது, கண்ணிமைக்குள் வெளுத்துக் கிடந்தது. ரத்தம் பார்க்கச் சொன்னேன். ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே. இரும்புச்சத்துக் குறைவு முடி கொட்டுவதற்கு ஒரு முக்கியக் காரணம், பெண்களுக்கு ரொம்பவே. தைராய்டும் அப்படித்தான். இவை இரண்டும் சரியாகாமல் தலையில் எதைத் தடவினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

சில நேரம் கொட்டலே இருக்காது, கணக்குத்தான் தப்பாக இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்குக் குளிக்கிற பெண்களுக்கு, வாரம் முழுக்க உதிர்ந்து பின்னலிலும் கொண்டையிலும் சிக்கி நின்ற முடி எல்லாம் ஒரே குளியலில் வரும். நாளுக்கு எண்பது என்றால் ஏழு நாளைக்கு ஐந்நூறுக்கு மேல்! பார்த்தால் பகீரென்றுதான் இருக்கும். முன்பு சவுரி முடிக்காரரிடம் போட, சீப்பில் வந்ததைச் சுருட்டி ஓலை இடுக்கில் சொருகி வைப்பார்கள். ஒரு வகையில் அது நல்ல அளவுகோல். இந்த வாரத்து உருண்டையைப் போன வாரத்து உருண்டையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தினமும் உட்கார்ந்து முடியை எண்ணுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது மனதைத்தான் அரிக்கும். மாதம் ஒரு முறை, அதே இடம், அதே வெளிச்சத்தில் உச்சந்தலையை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

முடி நட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரையிலோ சென்னையிலோ செலவழித்து நட்ட முடி, சில வாரத்திலேயே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். காசு போச்சு என்று அலற வேண்டாம். நட்டது மயிர்க்கால், விழுந்தது மேலே இருந்த முடி. மூன்று நான்கு மாதம் கழித்து அதிலிருந்து புதிதாகக் கிளம்பும்.

காலண்டர் பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே தோல் டாக்டரிடம் போக வேண்டிய சமயங்களும் உண்டு. காசு அளவுக்கு வட்டமாக வழுவழுவென்று சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு, வேறு நோய். புருவம், தாடி முடியும் சேர்ந்து கொட்டுவது, தலைத்தோலில் எரிச்சல், சிவப்பு, சீழ், வலி எல்லாம் அப்படித்தான். மருந்துத் திரவம் ஒத்துக்கொள்ளாமலேயே சிலருக்கு அரித்துச் செதில் செதிலாக வரும். அதைப் பொடுகு என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். எந்தக் கொட்டலும் மூன்று மாதத்துக்கு மேல் குறையாமல் நீடித்தாலும் போய்க் காட்டுங்கள். போகும்போது எந்தத் தேதியில் மருந்து தொடங்கியது, எப்போது விட்டது, எப்போது காய்ச்சல் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் சொல்வதில்லை. மீன் வாசத்துக்கு நம் பக்கத்து வீடுகளில் பூனை இல்லாமல் இருக்காது. மினாக்சிடில் பூனைக்கு விஷம். தடவிய தலையை நக்கினாலும், சிந்தியதை நக்கினாலும் உயிருக்கே ஆபத்து. கையைக் கழுவுங்கள், தலையணை உறையைத் தனியாக வையுங்கள், பூனையைப் படுக்கையில் சேர்க்காதீர்கள்.

தம்பிக்கு வருவோம். பிப்ரவரியில் டாக்டரிடம் போனார். மருந்தை விடாமல் போடச் சொல்லி, ரத்தப் பரிசோதனை பார்த்து அனுப்பியிருக்கிறார். பங்குனி கடைசியில் கொட்டல் குறைந்தது. அடுத்த தடைக்காலத்தில், மே மாதம், கடைக்கு வந்து போனை நீட்டினார். போன வருடத்து உச்சந்தலையும் இந்த வருடத்து உச்சந்தலையும் பக்கம் பக்கமாக. உச்சி நன்றாகவே மூடியிருந்தது. நெற்றி ஓரம் இரண்டும் அப்படியே ஏறிக் கிடந்தது.

"இங்க மட்டும் ஏன்ணே வரல?"

"இந்த மருந்து உச்சிக்குத்தான் நல்லாக் கேட்கும். நெத்தி ஓரத்துக்கு அவ்வளவாக் கேட்காது."

"அப்ப அதுக்கு வேற மருந்து குடுங்க."

"சீட்டு வாங்கிட்டு வா" என்றேன். அந்த மாதத்துக்கு ஒரு பாட்டில் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.